தடுப்புப் பலகை வைத்தால் மட்டும் போதாது: இரு குளிர்நிலை வண்டிகள் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்துவிட்டால் கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏறும் குளிர்வண்டிகள் கூடிவிடும். ஐஸ்கிரீமுக்கு ஒரு வண்டி, பால், தயிர், பனீருக்கு ஒரு வண்டி, வாழைப்பழம், தக்காளிக்கு இன்னொரு வண்டி. மூன்றும் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறில் மலையேறி, குன்னூர் வழியாக உதகையில் ஒரே கடைத்தெருவில் போய் நிற்கின்றன. பெரும்பாலும் பெட்டியில் பாதி இடம் காலியாகவே ஏறும். இறங்கும்போது முழுக்கக் காலி. அதே ராத்திரியில் உதகை, கேத்தி பக்கத்துக் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் தார்ப்பாய் போட்ட லாரியில் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன.

ஒரே பெட்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியில் உறைநிலையும் பின்பாதியில் குளிர்நிலையும் வைத்து ஓட்டும் வண்டிதான் இதற்குச் சரியான விடை என்று இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் உறுதியாக நம்புகிறோம். ஆனால் இப்போது பல இடங்களில் நடப்பது வேறு. சாதாரண ஃப்ரீசர் வண்டியின் நடுவில் பிளைவுட் பலகை ஒன்றை நிறுத்திவிட்டு, அதை இரு குளிர்நிலை வண்டி என்று வாடகைக்கு விடுகிறார்கள். அதில் போகும் தயிர் உறைகிறது, ஐஸ்கிரீம் இளகுகிறது. பழி மொத்தமும் இந்த முறையின் மீது விழுகிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு குளிர் என்பது. ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் உருகி வழிந்தால்தான் கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 18இலிருந்து மைனஸ் 12க்கு ஏறி மறுபடி இறங்கினாலே போதும். உள்ளே இருக்கும் பொடிப்பொடியான பனித்துகள்கள் கரைந்து, திரும்ப உறையும்போது பெரிதாகிவிடும். வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறக்கும். மூடியைத் திறந்ததும் உட்புறம் பனிப்பூ பூத்திருந்தால் வழியில் இது நடந்திருக்கிறது என்று அர்த்தம். பால், தயிர், பனீருக்கு 4 டிகிரி. தயிர் ஒருமுறை உறைந்தால் அதன் கட்டு உடைந்து தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். அப்புறம் எந்தக் குளிரிலும் அது சேராது. வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. போனால் தோல் சாம்பல் பூத்து, பழுக்கவேண்டிய காய் பழுக்காமலே கறுக்கும். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட்டுக்கோ 0 டிகிரியை ஒட்டிய குளிரும் நல்ல ஈரப்பதமும் வேண்டும்.

குளிர்நிலை ஒத்துப்போனாலும் சேர்க்கக்கூடாத சரக்கும் உண்டு. பழுக்கும் வாழையும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்டால் கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகும். வெண்ணெயும் பாலும் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மீனையும் பச்சை இறைச்சியையும் இந்த வண்டியில் ஏற்றவே கூடாது என்பது எங்கள் கருத்து. எவ்வளவு நல்ல தடுப்பானாலும் அது காற்றுப்புகாத சுவர் ஆகாது.

டீசல் கணக்கைப் பார்ப்போம். கோவையிலிருந்து உதகை சுமார் 86 கி.மீ., போய்வர 172. ஐஸ்கிரீமுக்கும் பாலுக்கும் தனித்தனியாக இரண்டு சிறிய வண்டிகள் போனால் 344 கி.மீ. மலை ஏற்றத்தில் லிட்டருக்கு 8 கி.மீ. கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 43 லிட்டர் ஆகும். அதே சரக்கை 17 அடி பெட்டி உள்ள ஒரே வண்டி கொண்டுபோனால், லிட்டருக்கு 5.5 கி.மீ. என்றாலும் 31 லிட்டர்தான். குளிர்ப்பொறி இழுக்கும் டீசல் தனி. அதிலும் இரண்டு பொறிக்குப் பதில் ஒன்றுதான் ஓடும். இரண்டு டிரைவர் சம்பளமும் இரண்டு லோடுமேன் கூலியும் ஒன்றாகும். கடைக்காரரும் இரண்டு தடவை கல்லாவை விட்டு எழுந்து வந்து சரக்கு எண்ண வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடமில்லாத உதகைக் கடைவீதியில் இதுவே பெரிய லாபம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே சரக்கைப் பெட்டி நிறைய ஏற்றி ஒரே இடத்தில் இறக்குபவருக்கு ஒற்றைக் குளிர்நிலை வண்டியே மேல். தடுப்பும், கூரையில் தொங்கும் இரண்டாவது காயிலும் (அறையைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) இடத்தை அடைக்கும். வண்டி விலையும் பராமரிப்புச் செலவும் கூடும். ஒரு ட்ரிப்பில் பத்துப் பதினைந்து கடை, ஒவ்வொரு கடைக்கும் இரண்டு வகைச் சரக்கு என்று இருப்பவருக்குத்தான் போட்ட பணம் திரும்பும். நம் ஊர் வண்டி அளவுக்கு இரண்டு அறை போதும். 17 அடிப் பெட்டியில் மூன்று அறை போட்டால் ஒவ்வொன்றும் அலமாரி அளவுக்குச் சுருங்கி, சரக்கைச் சுற்றிக் காற்று ஓட வழியில்லாமல் போகும்.

இனி தடுப்பு. முன்னறை மைனஸ் 20, பின்னறை 4 என்றால் நடுவில் 24 டிகிரி வித்தியாசம். ஒரு பலகையால் இதைத் தாங்க முடியாது. குறைந்தது 50 மில்லிமீட்டர், முடிந்தால் 75 மில்லிமீட்டர் பஃப் (வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரிதேன் நுரை) அடைத்த தடுப்பு வேண்டும். நான்கு பக்கமும் மெத்தென்ற பீடிங் ரப்பர் சுவரோடு அழுந்த வேண்டும். சரக்கு அளவுக்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தும் வகை என்றால், கூரையில் தண்டவாளமும், நிறுத்திய இடத்தில் பூட்டும் கட்டாயம். மலைச்சாலையில் பிரேக் போட்டால் பூட்டாத தடுப்பு சரக்கோடு சேர்ந்து நகரும்.

பாடி கட்டுபவர்களே பலமுறை தவறவிடும் இடம் தரை. ஃப்ரீசர் வண்டிகளில் காற்று ஓடுவதற்காக நீளவாக்கில் பள்ளமும் மேடுமாக அலுமினியத் தரை போட்டிருப்பார்கள். தடுப்பின் அடி ரப்பர் மேட்டின் மீதுதான் உட்காரும். பள்ளங்கள் திறந்தே கிடக்கும். அந்தப் பள்ளங்கள் வழியே மைனஸ் 20 டிகிரிக் காற்று நேராகப் பின்னறைக்கு வந்து, கீழ்வரிசைத் தயிர்ப் பெட்டிகளை உறைய வைக்கும். மேல்வரிசை நன்றாக இருக்கும், கீழ்வரிசை மட்டும் கெட்டிருக்கும். கடைக்காரர் பால் கம்பெனியைத் திட்டுவார். தடுப்பு நிற்கும் இடங்களில் தரையைச் சமதளமாகப் போட வேண்டும், அல்லது பள்ளத்துக்குள் பொருந்துகிற ரப்பர் அடைப்புகளை வரிசையாகச் செருக வேண்டும். செலவு சொற்பம். இதைச் செய்யாத வண்டியில் தயிர் ஏற்றக்கூடாது.

அடுத்தது குளிர்ப்பொறி. ஒரே கம்ப்ரசர், ஒரே கண்டன்சர்; அறைக்கு ஒன்றாக இரண்டு காயில். முன்னறை மைனஸ் 20இல் இருக்க, அதன் காயில் மைனஸ் 28ஐ ஒட்டி ஓட வேண்டும். 4 டிகிரி கேட்கும் பின்னறைக் காயிலுக்கு மைனஸ் 4 போதும். இரண்டும் ஒரே குழாய் வழியாகக் கம்ப்ரசருக்குத் திரும்புவதால், குறைந்த அழுத்தம் எதுவோ அதுவே இரண்டிலும் நிற்கும். பின்னறைக் காயிலும் மைனஸ் 28க்கு இழுக்கப்படும். அது சீக்கிரமே பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அடைக்கும் முன் அறையின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக் காய்கறியை வாடவிடும். இதைத் தடுக்கப் பின்னறைக் காயிலின் திரும்பு குழாயில் ஈபிஆர் வால்வு என்கிற அழுத்தச் சீராக்கி இருக்க வேண்டும். முன்னறைக் காயிலின் திரும்பு குழாயில், குளிரூட்டும் காஸ் பின்னோக்கி வராதபடி ஒருவழி வால்வு இருக்க வேண்டும். இரண்டு அறைக்கும், மின்சாரத்தால் திறந்து மூடும் தனித்தனிச் சொலினாய்டு வால்வும் தனித்தனித் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். பழைய ஒற்றை யூனிட்டில், அதாவது குளிர்ப்பொறியில், இரண்டாவது காயிலை ஒட்டுப்போட்டுத் தரும் இடங்களில் ஈபிஆர் வால்வைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாத உறுப்பு அது.

சொலினாய்டு வால்வில் ஒரு துளி அழுக்கு சிக்கினால் அது முழுதாக மூடாது. பின்னறை 4 டிகிரிக்கு வந்ததும் குளிர் நிற்க வேண்டும். நிற்காமல் 2, 1, 0 என்று இறங்கிக்கொண்டே போகும். டிரைவர் தெர்மோஸ்டாட் கெட்டது என்று நினைத்து அதை மாற்றுவார், பலன் இருக்காது. வால்வுக்கு முன்னும் பின்னும் குழாயைத் தொட்டுப் பார்த்தால் போதும்: மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் பின்பக்கம் சில்லென்று இருந்தால் வால்வு கசிகிறது. காஸ் அமைப்பைத் திறந்து வேலை பார்த்தவர்கள் காஸிலுள்ள அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றாமல் விட்டால் இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம்.

குளிர் மட்டும் போதாது, பின்னறைக்குச் சூடாக்கும் வசதியும் வேண்டும் என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். மார்கழி இரவில் உதகையில் வெளிவெப்பம் 0 டிகிரியை நெருங்கும். பக்கத்து அறை மைனஸ் 20. இரண்டுக்கும் நடுவில் 13 டிகிரி வாழை. தெர்மோஸ்டாட் குளிரை நிறுத்திவிட்டாலும் அறை தானாகவே இறங்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான காஸைக் காயிலுக்குத் திருப்பிச் சூடாக்கும் வழி இருக்கிற யூனிட்டைத்தான் மலைப்பாதைக்கு வாங்க வேண்டும். டிஃப்ராஸ்டுக்கும், அதாவது காயிலில் படிந்த பனியை உருக்கவும், அதே வழிதான் பயன்படும்.

யூனிட்டின் திறனைப் பற்றி ஒரு கணக்கு. 17 அடிப் பெட்டி, உள்ளே 5.2 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். மொத்தச் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 52 சதுர மீட்டர். உறைநிலை வண்டிகளுக்கு, கெட்டுப்போகும் உணவுப்பொருள் போக்குவரத்துக்கான ஐரோப்பாவின் ஏடிபி ஒப்பந்தம் வைத்திருக்கும் வரம்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட். மேட்டுப்பாளையத்தில் வெளியே 37 டிகிரி. பெட்டி முழுவதும் மைனஸ் 20 என்றால் சுவர் வழியே மட்டும் சுமார் 1,200 வாட் வெப்பம் உள்ளே வரும். முன்பக்கம் 2 மீட்டரை மட்டும் மைனஸ் 20இலும் மீதியை 4 டிகிரியிலும் வைத்தால் 900 வாட் அளவுதான். சுவர் வழி வரும் சுமையில் கால்பங்கு குறைகிறது. சரக்குக்குத் தேவையில்லாத குளிரைப் பெட்டி முழுவதும் கொடுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு வீண் என்று இதிலிருந்தே தெரியும். பஃப் சுவர் ஈரம் இழுத்துப் பழசாகப் பழசாக இந்த எண்கள் எல்லாம் கூடும். ஆணி அடித்து ஓட்டை போட்ட சுவரில் இன்னும் வேகமாகக் கூடும்.

யூனிட் விற்பவர் காட்டும் அட்டவணையில் பெரும்பாலும் ஒற்றை அறைத் திறன்தான் இருக்கும். முன்னறைத் திறனையும் பின்னறைத் திறனையும் கூட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது, கம்ப்ரசர் ஒன்றுதான். இரண்டு அறையும் ஒரே நேரத்தில் குளிர் கேட்கும்போது மைனஸ் 20இல் எத்தனை வாட், 4 டிகிரியில் எத்தனை வாட் என்று எழுத்தில் வாங்க வேண்டும். வண்டி எஞ்சினில் பெல்ட் போட்டு ஓடும் கம்ப்ரசர் என்றால், எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது என்ன திறன் என்றும் கேட்க வேண்டும். காந்திபுரம் சிக்னலிலும் சீசன் நேரத்துக் குன்னூர் நெரிசலிலும் வண்டி ஐட்லிங்கில்தான் நிற்கிறது. குளிர் அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

சுவர் வழி வரும் வெப்பத்தை விடக் கதவு வழி வருவது மோசம். குளிர்ந்த காற்று கனம். கதவைத் திறந்ததும் அடிவழியாகக் கொட்டிவிடும், மேல்வழியாக வெளிக்காற்று நுழையும். கோவைக் காற்றில் கனமீட்டருக்கு 18 கிராம் நீராவி இருக்கிறது என்று கொள்வோம். முன்னறை ஏறத்தாழ 9 கனமீட்டர். ஒருமுறை காற்று முழுக்க மாறினால் 160 கிராம் தண்ணீர் உள்ளே வருகிறது. பதினைந்து கடைக்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. அத்தனையும் காயிலில் பனிக்கட்டியாக ஒட்டும். காயில் அடைத்தால் காற்று ஓடாது. யூனிட் இரைந்துகொண்டே இருக்கும், அறை குளிராது. மதியத்துக்கு மேல் ஐஸ்கிரீம் இளகுகிறது என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். காஸ் குறைவு என்று சொல்லி மேலும் காஸ் ஏற்றுவது கோளாறை இரட்டிப்பாக்கும்.

இதனால்தான் முன்னறைக்குப் பக்கக் கதவு இல்லாத வண்டியை வாங்க வேண்டாம் என்கிறோம். பின்கதவு மட்டும் இருந்தால், ஒரு பெட்டி ஐஸ்கிரீம் எடுக்கப் பின்னறையைத் திறந்து, பாலைத் தாண்டிப் போய், தடுப்புக் கதவையும் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அறையும் கெடும். பக்கக் கதவு நடைபாதைப் பக்கம், இடது புறம் இருக்கட்டும். லோடுமேன் சாலைப் பக்கம் நின்று இறக்கக் கூடாது. இரண்டு கதவுக்கும் பிளாஸ்டிக் நாடாத் திரை வேண்டும். இடைஞ்சல் என்று அதைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். கதவைத் திறக்கும் முன் யூனிட்டை நிறுத்துங்கள். ஓடவிட்டால் விசிறி வெளிக்காற்றை இன்னும் வேகமாக இழுக்கும். அந்தக் கடையின் பில்லும் பெட்டிகளும் எவை என்று கதவுக்கு வெளியிலேயே தீர்மானித்துவிட்டு, ஓர் அறையை ஒரு கடைக்கு ஒரே முறை திறந்தால், டிஃப்ராஸ்ட் தேவை குறையும்.

சரக்கு ஏற்றும் முன்பு வெறும் பெட்டியை ஒன்றரை மணி நேரமாவது குளிரவைக்க வேண்டும். குளிர்வண்டி என்பது குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கும் வண்டி. சூடான சரக்கைக் குளிரவைக்கும் வண்டி இல்லை. குளிர்கிடங்கின் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நின்ற ஐஸ்கிரீமை ஏற்றிவிட்டு யூனிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சரக்குக்கும் கூரைக்கும் நடுவே 20 செ.மீ., தரையிலிருந்து பலகை உயரம், காயிலுக்கு முன்னால் ஒரு கை அகலம் விட வேண்டும். எடை விஷயத்திலும் கவனம் வேண்டும். பின்னறைச் சரக்கை மட்டும் முதலில் காலி செய்துவிட்டால், மிச்ச எடை முன் ஆக்சில் பக்கம் சாயும். குன்னூர் இறக்கத்தில் ஸ்டியரிங் கனக்கும். ஒவ்வொரு கடையிலும் இரண்டு அறையிலிருந்தும் இறக்கும்படி வழித்தடத்தைப் போட்டால் இந்தச் சிக்கலே வராது.

உதகை 2,240 மீட்டர் உயரம். கோவையில் உள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. சிப்ஸ் பாக்கெட் உப்புவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஐஸ்கிரீமுக்குள்ளும் காற்று அடித்துத்தான் செய்கிறார்கள். இறுக்கமாக உறைந்திருந்தால் அது அசையாது. மைனஸ் 12இல் இளகிய நிலையில் மலை ஏறினால் உப்பி மூடியைத் தூக்கும், திரும்பக் கீழே கொண்டுவந்தால் சுருங்கி டப்பாவின் ஓரத்தை விட்டு விலகிவிடும். அதனால் மலைக்குப் போகும் ஐஸ்கிரீமை ஏற்றும்போதே மைனஸ் 20 அல்லது அதற்கும் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது திரும்பும் பயணம். எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மேலே ஐஸ்கிரீமையும் பாலையும் இறக்கிய வண்டி, இரண்டு அறையையும் 2 டிகிரிக்கு மாற்றிக்கொண்டு கேரட் ஏற்றி இறங்கலாம். உறைந்து குளிரைச் சேமித்துவைக்கும் யூட்டெக்டிக் தகடு வைத்த ஐஸ்கிரீம் வண்டியில் இது முடியாது. ராத்திரி கரண்டில் உறையவைத்த தகடு அதன் குளிரில்தான் இருக்கும், நம் விருப்பத்துக்கு ஏறாது. காயில் வண்டியில் முடியும்.

ஆனால் கழுவிய கேரட்டை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3 டன் கேரட், 18 டிகிரி. அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர 1,60,000 கிலோஜூல், அதாவது 44 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். வண்டியின் யூனிட்டில் இதற்கென்று 4 கிலோவாட் மிஞ்சினாலும் 11 மணி நேரம் ஆகும். இரவெல்லாம் ஓடிச் சென்னை எல்லையைத் தொடும்போதுதான் கேரட் குளிர்ந்திருக்கும். அதுவும் பெட்டி நடுவே காற்றுப் புகுந்தால்தான். வலைச் சாக்கில் நெருக்கி அடுக்கினால் நடுமூட்டை கடைசிவரை சூடாகவே இருந்து வேர்த்து அழுகும். எனவே கழுவும் இடத்திலேயே முன்குளிர்விப்பு வேண்டும். துளையுள்ள 20 கிலோ கிரேட் பெட்டிகள் வேண்டும். கழுவி முடித்ததும் கடைசியில் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தாலே பெரும்பகுதி வெப்பம் போய்விடும்.

தேசியக் குளிர்தொடர் மேம்பாட்டு மையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாட்டுக்குத் தேவையான குளிர்வண்டிகள் 61,826. அப்போது இருந்தவை 10,000க்கும் குறைவு. முன்குளிர்விப்பு வசதியுள்ள சிப்பம் கட்டும் நிலையங்களோ 70,080 தேவைப்பட்ட இடத்தில் 249 மட்டுமே. வண்டிப் பற்றாக்குறையை எல்லாரும் பேசுகிறோம். அதைவிடப் பெரிய பள்ளம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திரும்ப ஐஸ்கிரீம் ஏற்றும் முன் பெட்டியைக் கழுவிக் காயவைப்பது கட்டாயம். தரையின் வடிகால் துளையில் கேரட் மண் அடைத்தால், டிஃப்ராஸ்ட் தண்ணீர் வெளியேறாமல் முன்னறைத் தரையிலேயே பாளமாக உறையும். அதை இரும்புக் கம்பியால் குத்தி உடைப்பவர்கள் தரைத்தகட்டையும் சேர்த்துக் கிழிக்கிறார்கள். கிழிசல் வழியே தண்ணீர் பஃபுக்குள் இறங்கினால் அந்தத் தரை மறுபடி காயாது. வண்டியின் ஆயுள் அதோடு பாதி.

டீசல் மிச்சம் பிடிக்க வழியில் யூனிட்டை அணைத்துவிட்டு, கடை நெருங்கும்போது போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கடைக்காரர் கதவுக்குப் பக்கத்தில் காட்டும் எண்ணைப் பார்க்கிறார். அது காற்றின் வெப்பநிலை, பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். சரக்கு இறங்காது. அறைக்கு ஒன்றாக, வழியெல்லாம் வெப்பநிலையைப் பதிவுசெய்யும், டிரைவர் கைவைக்க முடியாத டேட்டா லாக்கர் இருக்க வேண்டும். சரக்கு வாங்குபவர் இரண்டு பெட்டிக்கு நடுவே ஊசித் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவி மேல்பரப்பை மட்டுமே காட்டும்; பளபளக்கும் உறை மீது பிடித்தால் அதுவும் தப்பாகக் காட்டும்.

புது வண்டியைக் கையெழுத்துப் போட்டு எடுக்கும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. பிறகு பின்னறைக் குளிரை முழுக்க அணைத்துவிட்டு முன்னறையை மட்டும் மைனஸ் 20க்கு இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துப் பின்னறைத் தரையில் தெர்மாமீட்டர் வையுங்கள். தடுப்பும் தரையும் சரியாக இருந்தால் பின்னறை வெளிவெப்பத்திலிருந்து சில டிகிரிதான் இறங்கியிருக்கும். 10 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் திறக்கும் கைப்பிடி இரண்டு அறையிலும் வேலை செய்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். குளிரூட்டும் காஸ் எந்த வகை என்று யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும். ஆர் 404ஏ ஒரு கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர் 452ஏ அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். புதிதாக வாங்குபவர் இரண்டாவதைக் கேட்டு வாங்கலாம். ஒன்றில் மற்றதைக் கலந்து ஏற்றுவதை எந்த மெக்கானிக் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அரசிடம் மூன்று கோரிக்கைகள். ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014 நெறிமுறையிலேயே குளிர்வண்டிக்குச் சமவெளியில் 35 விழுக்காடும் மலைப்பகுதியில் 50 விழுக்காடும் மானியம் சொல்லப்பட்டிருக்கிறது. இரு குளிர்நிலை வண்டிக்கு அந்த மானியம் தரும்போது, இரண்டு அறையும் ஒன்றாக ஓடும் நிலையில் சோதித்த திறன் சான்றையும், மேலே சொன்ன தடுப்புச் சோதனையையும் நிபந்தனையாக வைக்க வேண்டும். பிளைவுட் பலகை வண்டிக்கு மக்கள் பணம் போகக் கூடாது. இரண்டாவது, உதகையிலும் கேத்தியிலும் கேரட் கழுவும் இடங்களை ஒட்டிச் சிறிய முன்குளிர்விப்பு அறைகள்.

மூன்றாவது, உடனே செய்யக்கூடியது. குளிர்வண்டி யூனிட்டுகள் பலவற்றில், நிற்கும்போது கரண்டில் ஓடும் ஸ்டாண்ட்பை மோட்டார் இருக்கிறது. செருகத்தான் இடமில்லை. மேட்டுப்பாளையம் மண்டியிலும் உதகை நகராட்சிச் சந்தையிலும் வண்டிகள் இரவெல்லாம் டீசல் எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்கின்றன. புகையும் சத்தமும் பக்கத்து வீடுகளுக்கு. இரண்டு இடத்திலும் மும்முனை மின் இணைப்போடு, மழை படாத பத்துப் பிளக் பாயின்ட்டும் தனித்தனி மீட்டரும் வைத்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலித்தால் வண்டிக்காரர்கள் மகிழ்ச்சியோடு கட்டுவார்கள். அடுத்த சீசனுக்கு முன் இதை முடித்துத் தரும்படி இரண்டு நகராட்சிகளையும் மின்வாரியத்தையும் உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளிர்வண்டிப் பராமரிப்பிலும் சரக்கு அனுப்புதலிலும் உள்ள சிலர்,
மேட்டுப்பாளையம்.